ஞாயிற்றுக்கிழமை வந்த நூற்று அறுபத்து மூன்று பேர்

திங்கட்கிழமை காலை என்றால் மேசைத் துணிக்கு இஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாக அது அவள் வேலை. சட்டைக்குப் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்க முடியாது. முதலில் பிரஷ் போட வேண்டும், மேசையின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு, ஒரே திசையில். அப்புறம் மிதமான சூட்டில் பெட்டியை வைத்து அதே திசையில் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு நொடி வேறு எதையாவது நினைத்தால் போச்சு, பச்சைத் துணியில் பழுப்பாகத் தடம் விழுந்துவிடும். ஒரே ஒரு தடவை அப்படி விழுந்தது, மகள் பாப்பா பிறக்க அவளுக்கு இடுப்பு வலி எடுத்த அன்றைக்கு. அதற்கப்புறம் அந்த மேசைக்கு ஐந்து முறை துணி மாற்றியாகிவிட்டது. அவள் புருஷன் மட்டும் சொல்லிக்காட்டுவதை நிறுத்தவில்லை.

ஆள் அப்படி. ஊரில் அவருக்குக் குச்சிக்காரர் என்று பெயர். போர்டில் பில்லியர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், குழியாட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆறு குழி, பதினைந்து கலர்ப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து, ஒரு நீளக் குச்சி. வெள்ளையை அடித்து மற்றதைக் குழியில் தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்த அவ்வளவுதானுக்காக மனுஷன் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். துணிக்கு அடியில் மூன்று துண்டாகக் கல் இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெழுகு ஊற்றி, விரலால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவுவார். பெண்டாட்டி முகத்தை அப்படித் தடவியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று அவள் தன் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பஸ் டிப்போவுக்கு எதிரே நகரசபைக் கட்டடம். கீழே தண்ணீர் வரி ஆபீஸ், மாடியில் மூன்று மேசை போட்ட இவர்கள் கூடம், கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் வீடு. கூடத்தின் ஜன்னலைத் திறந்தால் டிப்போ மைதானம் தெரியும். காலையிலும் சாயங்காலமும் அங்கே பையன்களும் பெண்களுமாக ஃபுட்பால் ஆடுகிற சத்தம் காதைப் பிளக்கும். அதனால் குச்சிக்காரர் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. மேசையில் குறி பார்க்கிறவனுக்கு அமைதி வேண்டுமாம். அது பாதிக் காரணம். அந்தக் கூட்டத்தில் கோல் காக்கிறவள் அவர் பெற்ற பெண் என்பது மீதிக் காரணம்.

போன மாதம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடத்தை இனி இளைஞர்களுக்குப் பிரயோஜனமான விளையாட்டுக்குத்தான் கொடுப்பார்களாம். ஒரு வாரம் ஆள் வந்து உட்கார்ந்து கணக்கெடுப்பார்களாம். இருபத்தைந்து வயசுக்குக் கீழே உள்ளவர்கள் நூறு பேராவது வந்தால் கூடம் இவர்களுக்கு. இல்லாவிட்டால் சுவரை இடித்து மழைக்காலத்தில் ஃபுட்பால் ஆடுகிற உள்ளரங்கமாக்கி விடுவார்களாம்.

"அப்ப நம்ம வீடு?" என்று கேட்டாள்.

"உடை மாத்தற அறையாம். உன் அடுப்பு இருக்கற இடத்துல ஷவர் வருதாம். படம் போட்டு அனுப்பியிருக்கான் பாரு, நீலக் கலர்ல."

படத்தைப் பார்த்தாள். அழகாகத்தான் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கணக்கெடுக்கிற பெண் வந்து சேர்ந்தாள். கையில் கிளிப் வைத்த அட்டை. அதனால் அவளுக்கு அட்டை மேடம் என்று பெயர் வைத்தாயிற்று. நல்ல பெண்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களைத்தான் எழுதுவாள். இறங்கிப் போகும்போது நிறுத்தி, பெயர் என்ன, வயசு என்ன, எந்த விளையாட்டுக்கு வந்தீங்க என்று மூன்று கேள்வி கேட்பாள்.

முதலில் வந்தவர் முடிவெட்டுகிறவர். குச்சிக்காரரின் இருபது வருஷ எதிராளி.

"வயசு?"

"அம்பத்திரண்டு. மனசு இருபதும்மா, பாத்து எழுதிக்கோங்க."

"மனசுக்கெல்லாம் எழுத முடியாது சார்."

அடுத்து வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். அவரிடம் வயசு கேட்கவே அட்டை மேடத்துக்குச் சங்கடமாக இருந்தது. அன்றைக்கு இளைஞர் கணக்கில் தேறியது இரண்டே பேர். செவ்வாய்க்கிழமை மழை. ஒருத்தன் ஒதுங்க வந்தான், பஸ் வந்ததும் போய்விட்டான். புதன்கிழமையும் மழை. பழைய ஆட்கள் மூன்று பேர் ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு ஒரே ஆட்டத்தை மூன்று மணி நேரம் ஆடினார்கள். குச்சிக்காரர் குச்சி முனையில் புதுத் தோல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டின தோலையே பிய்த்து மறுபடியும் ஒட்டினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் தம்பி வந்தான். டிவி ரிப்பேர் பண்ணுகிறவன். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். ரொட்டியையும் அவித்த முட்டையையும் முன்னால் வைத்ததும் ஆரம்பித்தான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஃபைனல். என்கிட்ட பெரிய டிவி ஒண்ணு சும்மா கிடக்கு. கொண்டாந்து இந்தச் சுவத்துல மாட்டிடறேன். டிப்போ மைதானத்துல இருக்கற கூட்டம் பூரா இங்க வந்து நிக்கும். நூறு என்ன, இருநூறே வரும். அட்டை மேடம் எழுதி எழுதிக் கை வலிச்சுப் போகணும்."

"குழியாட்டக் கூடத்துல ஃபுட்பாலா? நீ போயி வேற வேலை இருந்தா பாரு மாப்ள."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஃபுட்பாலுக்கு என்ன வேணும்? ஒரு பந்து. அதுவும் இல்லைன்னா பழந்துணியச் சுருட்டிக் கட்டிக்கலாம். ரெண்டு செங்கல்லு வெச்சா கோல். உங்க ஆட்டத்துக்குக் கல்லு வேணும், துணி வேணும், மட்டம் வேணும், மேல விளக்கு வேணும், போதாக்குறைக்கு நீங்களும் வேணும்."

"நான் எதுக்கு?"

"முறைக்கறதுக்கு. சளி புடிச்சவன் இருமினாக்கூட நீங்க முறைக்கறீங்க. அங்க ஆயிரம் பேரு சேந்து கத்தலாம். சின்னப் பசங்களுக்கு அதுதானே வேணும்?"

குச்சிக்காரருக்கு மூக்கு விடைத்தது. "இருபத்திரண்டு பேரு ஒரு பந்து பின்னால ஓடறான். அதுல இருபத்தோரு பேரு சும்மா ஓடறான். தோத்தா அவன் மேல தப்பு, இவன் மேல தப்பு, விசில் அடிச்சவன் மேல தப்பு. இங்க அப்படியா? குச்சி உன் கையில. பந்து அசையாம உக்காந்திருக்கு. விழுந்தாலும் நீதான், விழலைன்னாலும் நீதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு வீட்லயும் சொல்றாங்க, வேலை தேடிப் போற எடத்துலயும் சொல்றாங்க. விளையாட வர்ற எடத்துலயும் அதையே சொன்னா எவன் வருவான்? இன்னொண்ணு கேளுங்க. ஃபுட்பால் பாக்கறவன் மூஞ்சில சாயம் பூசிக்கறான், அந்த டீம் சட்டைய வாங்கிப் போட்டுக்கறான், ஜெயிச்சா நாங்க ஜெயிச்சோம்ங்கறான். ஒதச்சது எவனோ. நீங்க அந்தக் காலத்துல கோப்பை வாங்கினீங்களே, யாராவது நாங்க ஜெயிச்சோம்னு சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

தம்பி முட்டையை உரித்தான். குச்சிக்காரர் எழுந்து போய்த் துடைத்த மேசையையே துடைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் அவரை விடவில்லை. "கௌரவத்தக் கட்டிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கச் சொல்றீங்களா? நமக்கு வேண்டியது தலைக்கணக்கு. வந்தவன் மேசையப் பாத்தா என்ன, சுவத்தப் பாத்தா என்ன? எழுதிட்டுப் போகட்டும். அப்புறம் டிவியக் கழட்டி அவன்கிட்டயே குடுத்துடுவோம்." அழுதாள், சண்டை போட்டாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். சனிக்கிழமை வரைக்கும் சேர்ந்த இளைஞர் கணக்கு பத்தொன்பது. சனிக்கிழமை மதியம் அவர் வாயைத் திறந்து, "உன் தம்பிய வரச்சொல்லு" என்றார்.

பாப்பா பயிற்சி முடிந்து வந்தபோது அவர் கூடத்தில்தான் நின்றிருந்தார். பாப்பாவுக்குப் பத்தொன்பது வயசு, முழங்காலெல்லாம் சேறு. பூட்ஸை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டிச் சத்தமில்லாமல் நடந்து போவது அவள் வழக்கம். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

"நில்லு" என்றார். பாப்பா பயந்துபோய் நின்றாள்.

"நாளைக்கு உன் டீம்காரங்களையும் கூட்டிட்டு வா. எல்லாரையும்."

"நிஜமாவாப்பா?"

"மேட்ச் பாக்கத்தான். நாலு மணிக்கு."

பாப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அம்மா அடுப்படி வாசலிலிருந்து பார்த்தாள். ஏழு வயசில் பெட்டி மேல் ஏறி நின்று குச்சி பிடித்த பெண். அந்த வட்டாரத்திலேயே அவளுக்கு ஈடாக ஆளில்லை என்று முடிவெட்டுகிறவர் சத்தியம் பண்ணுவார். பதினேழு வயசில் பெரிய போட்டியில் கடைசிப் பந்தைக் குழிக்கு அரை விரல் தள்ளி விட்டுவிட்டாள். கறுப்புப் பந்து. அதோடு குச்சியை வைத்தவள் தொடவே இல்லை.

பாப்பாவுக்கு என்ன தோன்றியதோ, துணிந்து சொன்னாள்: "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஆட்டம் புடிக்காம போகல. அங்க நான் கோல் விட்டா பத்து பேரும் வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. அடுத்த நிமிஷம் தோள்ல கை போட்டுக்குவாங்க. இங்க அந்தப் பந்து விழாதப்போ நீங்க ஒரு வார்த்தை பேசல. நாலு நாள் பேசல. அதத்தான் என்னால தாங்க முடியல."

"திட்டினா கஷ்டப்படுவேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார் அவர்.

பாப்பா குளிக்கப் போனாள். ஆனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் இராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் மனசார நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே படி அதிர ஆரம்பித்தது. மேசைகள் மேல் கனமான பலகையைப் போட்டு, அதன் மேல் போர்வையைப் போட்டு மூடியிருந்தார் குச்சிக்காரர். டிப்போ மைதானம் பூராவும் வந்தது. பாப்பாவின் டீம், எதிர் டீம், அவர்கள் தம்பி தங்கைகள், பஸ் கழுவுகிற பையன்கள், பெயர் தெரியாத ஆட்கள். மூன்றே முக்காலுக்குக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. அவளும் தம்பியும் டீ ஊற்றி ஊற்றி நீட்டினார்கள். அட்டை மேடம் நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். அவள் முகத்திலேயே சிரிப்பு. முடிவெட்டுகிறவரும் வந்தார், பலகையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். முன்னால் நிற்கிறவன் தலைதான் தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை.

"வாங்கடா, டீக்கடையிலயே பாத்துக்கலாம்" என்று ஒருவன் படியில் இறங்கினான். அவன் பின்னால் நான்கு பேர், அப்புறம் பத்துப் பேர் திரும்பினார்கள். அட்டை மேடம் பேனாவை மூடிவைத்தாள். கடைசியாக வந்து இன்னும் அரை மணி நேரம் ஆகாதவர்களை அவள் எழுத மாட்டாள்.

"போகாதீங்க தம்பி!" என்று குச்சிக்காரர் கத்தினார். அந்தக் கூடத்தில் அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "போகாதீங்க, மேசை மேல ஏறிக்குங்க. பலகை போட்டிருக்கு. ஒண்ணும் ஆகாது, ஏறுங்க!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசை விளிம்பில் முழங்கை ஊன்றினவனை ஒரு மாசம் உள்ளே விடாத மனுஷன் அவர். பெற்ற பெண்ணைக்கூட ஒரு தடவை மேசை மேல் உட்கார விட்டதில்லை. அவரே ஒவ்வொருவனாகக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மூன்றாம் மேசையில் இருபது பேராவது ஏறியிருப்பார்கள். "சௌகரியமா உக்காந்துக்கோ" என்று ஒருவன் தோளைத் தட்டினார்.

எழுபதாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது. கூடமே குதித்தது. மேசை மேல் இருந்தவர்களும் எழுந்து நின்று குதித்தார்கள்.

அந்தக் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. பலகைக்கும் துணிக்கும் அடியிலிருந்து, கெட்டியாக, ஒரே ஒரு சத்தம். அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் கேட்டுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. இறங்குங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடிப்படிப் பக்கம் அட்டை மேடத்தைப் பார்த்தார், அவள் அட்டையில் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், கையைத் தட்டினார். அந்தப் பையன்களோடு சேர்ந்து கையைத் தட்டிக்கொண்டே நின்றார். அவளால் பார்க்க முடியவில்லை. டீப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆறு மணிக்குக் கூட்டம் இறங்கிப் போயிற்று. ஒவ்வொருவரையும் நிறுத்தி அதே மூன்று கேள்வி. முடிய முக்கால் மணி நேரம் ஆனது. தம்பி டிவியைக் கழற்றிக்கொண்டு, "பாத்தீங்களா மாமா, சொன்னேன்ல!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். பாப்பா தரையில் கிடந்த டீக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டை மேடம் உள்ளே வந்தாள். சொல்ல நல்ல சேதி வைத்திருக்கிற முகம்.

"சார், இன்னைக்கு மட்டும் நூத்தி அறுபத்து மூணு! எங்க ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

"அப்ப கூடம் எங்களுக்குத்தானே மேடம்?" என்று அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "உங்களுக்குன்னா? உங்க ஆட்டத்துக்கு வாரம் பூரா சேத்து இருபதுதான் வருது. இன்னைக்கு வந்த நூத்தி அறுபத்து ரெண்டு பேரும் ஃபுட்பால்னு சொன்னாங்க. நான் தனித்தனியாக் கேட்டுத்தானே எழுதினேன்? இந்தக் கட்டத்தப் பாருங்க. உள்ளரங்கத்துக்கு இதவிடப் பொருத்தமான எடம் இல்லைன்னு ரிப்போர்ட்லயும் எழுதிட்டேன். நீங்களே முன்ன நின்னு இவ்வளவு பேரக் கூட்டினீங்களே, அதையும் நல்லவிதமா எழுதியிருக்கேன்."

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண் எந்த விளையாட்டு, எந்த விளையாட்டு என்று கேட்டதை அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். பக்கத்திலேயே நின்று டீ கொடுத்திருக்கிறாள். புத்தியில் ஏறவே இல்லையே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுவரைப் பார்த்தால் என்ன என்று சொன்னவள் அவள்தானே.

"நூத்தி அறுபத்து ரெண்டுன்னீங்க" என்றார் குச்சிக்காரர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மிச்சம் ஒண்ணு?"

"அது உங்க பொண்ணு. குழியாட்டம்னு சொல்லிச்சு."

அவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா கிளாஸ்களைக் கீழே வைத்தாள்.

"அது தப்பு மேடம். அவ ஃபுட்பால். கோல் காக்கறா. மாத்திக்கோங்க."

"அப்பா, நான் மேட்சுக்கு வரல. உங்களுக்காக வந்தேன். அப்படியே எழுதுங்க மேடம்."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றாள் அந்தப் பெண், பாவமாக.

"அழிச்சுட்டு ஃபுட்பால்னு எழுதுங்க" என்றார் அவர் மறுபடியும்.

"ஏம்பா?" பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணாவது இருக்கட்டுமேப்பா."

"ஒண்ணுன்னு இருந்தா படிக்கறவன் நிறுத்திப் பாப்பான். யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டுச் சிரிப்பான். ஒண்ணுமே இல்லைன்னா பேசாம அடுத்த பக்கம் போயிடுவான். உன்ன வெச்சு எவனும் சிரிக்க வேணாம்."

அந்த நிமிஷம் அவரை அவள் வெறுத்தாள். அன்போடுதான் சொல்கிறார் என்று தெரிந்தும் வெறுத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், இந்த மனுஷன் அதையும் கணக்கு பார்த்துத் தட்டிவிடுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அட்டை மேடம் அவர் முகத்தையும் பாப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதினாள். இங்க ஒரு கையெழுத்து சார் என்றாள். போட்டார். பாப்பா பூட்ஸைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணும் போனபிறகு குச்சிக்காரர் போர்வையை உருவினார், பலகையை இறக்கினார். மூன்றாம் மேசைத் துணியின் நடுவில் கை வைத்துத் தடவினார். சின்ன மேடாகத் தட்டுப்பட்டிருக்க வேண்டும், விரல் அங்கேயே நின்றது.

"நடுக்கல்லு போயிடுச்சு."

"கேட்டுச்சு" என்றாள் அவள்.

"மத்த ரெண்டு கல்லும் நல்லாத்தான் இருக்கு. அவங்க இடிக்க வர்றதுக்குள்ள கழட்டி வெச்சுடணும். ஆறு பேராவது வேணும், கல்லு இறக்க."

"எங்க இறக்கறது?"

அவர் துணியையே தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தாங்க கேக்கறேன். கல்ல எங்க இறக்கறது? நாம எங்க போறது?"

"தெரியல" என்றார்.

மேசை விஷயத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், பாதி நேரம் கோபம் வரவழைக்கிற பதில், ஆனாலும் இருக்கும். அவளுக்குப் பயமாகிவிட்டது. வெறுப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் எதிரே வந்து மேசையின் மறுபக்கத்தில் நின்றாள். அவர் விளிம்புத் துணியைப் பிரித்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். அவள் ஒரு டீத் தட்டை எடுத்து நீட்டினாள். ஒவ்வொன்றாக அதில் போட்டுக்கொண்டே வந்தார்.